தியோத்திவாக்கானுக்கு ஒரு நாள்: முதல் முறை போகிறவர்களுக்கு

மெக்சிகோ சிட்டிக்கு வருகிறவர்கள் எப்படியும் ஒரு நாளைப் பிரமிடுகளுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது தியோத்திவாக்கான். காலையில் வேனில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், இருட்டுவதற்குள் திரும்பியும் விடலாம். ஆனால் அந்த ஒரு நாளில் நாம் உண்மையிலேயே இடிபாடுகளுக்கு நடுவே நின்று பார்க்கிற நேரம் எவ்வளவு? எல்லாமே அதில்தான் இருக்கிறது. நான் முதல் முறை போனபோது காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு 7 மணிக்கு விடுதிக்கு வந்தேன். அந்தப் பதினோரு மணி நேரத்தில் பிரமிடுகளுக்கு இடையே நடந்தது ஒன்றேகால் மணி நேரம். மீதியெல்லாம் கடையிலும் சாப்பாட்டு மேசையிலும் நெரிசலிலும் போனது. அடுத்த முறை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அப்போது டூரைத் தேர்ந்தெடுத்த விதம், கிளம்பிய நேரம், உள்ளே நுழைந்த வாசல் என்று எல்லாவற்றையும் மாற்றினேன். அந்த இரண்டாவது பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

இது ஆஸ்டெக்குகள் கட்டியது அல்ல. மாயர்கள் கட்டியதும் அல்ல. பலரும் இந்தக் குழப்பத்தோடு வருகிறார்கள், அவசரமாகப் பேசும் சில கைடுகளும் அதைத் தீர்த்து வைப்பதில்லை. ஆஸ்டெக்குகள் தங்கள் தலைநகரை இப்போதைய மெக்சிகோ சிட்டி இருக்கும் இடத்தில் 1325-ஐ ஒட்டி நிறுவினார்கள். தியோத்திவாக்கான் அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே எரிந்து, கைவிடப்பட்டு, புல் மூடிய மேடுகளாகக் கிடந்தது. அந்த மேடுகளைப் பார்த்து வியந்துபோன ஆஸ்டெக்குகள் தங்கள் நாவாட்டில் மொழியில் ஊருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தெய்வங்கள் தோன்றிய இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். சூரியப் பிரமிடு, சந்திரப் பிரமிடு, இறந்தோர் வீதி என்ற பெயர்களும் அவர்கள் வழியே வந்தவைதான். வீதியின் இருபுறமும் இருந்த மேடுகளைக் கல்லறைகள் என்று நினைத்துக்கொண்டதால் அப்படி ஒரு பெயர். கட்டியவர்கள் தங்கள் ஊரை என்னவென்று அழைத்தார்கள், என்ன மொழி பேசினார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வளரத் தொடங்கி, பொ.ஆ. 6-ஆம் நூற்றாண்டு வரை தழைத்த நகரம் இது. உச்சத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள், பரப்பளவு சுமார் 20 சதுர கிலோமீட்டர். தெற்கு மெக்சிகோவின் ஓவாக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஒரு தனிப் பேட்டை இருந்தது, கிழக்குக் கடற்கரைப் பக்கத்து வணிகர்களுக்கு இன்னொன்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டுக் குடியிருப்புகள் இருந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். இரண்டு பெரிய கல்மேடுகளைப் பார்க்கப் போகிறோம் என்று போனால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். ஒரு நகரத்தைப் பார்க்கப் போகிறோம் என்று போனால் நாள் போதாது.

விசா, பருவம், கிழமை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடுவதற்கு முன் மெக்சிகோ தூதரகத்தின் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை தொந்தரவு இல்லாத காலம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும், பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை பிற்பகலில் மழை கொட்டும். அந்த மாதங்களில் போகிறவர்கள் காலையிலேயே பார்த்து முடித்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று மெக்சிகோ மக்களுக்கு நுழைவு இலவசம், அவர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அது அவர்கள் மண், அவர்கள் உரிமை. நமக்கு இன்னொரு நாள் கிடைக்கும். மார்ச் 20, 21-ஐ ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். இரவும் பகலும் சமமாகும் அந்த நாளில் வெள்ளை உடை உடுத்திக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் சூரிய சக்தியைப் பெறவென்று கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தையே பார்க்க விரும்பினால் போகலாம், கற்களைப் பார்க்க அது நாள் அல்ல.

டூரைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நகர மையத்தில் சோக்கலோ சதுக்கத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் டூர் விற்பார்கள், இணையத்திலும் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். மலிவான பெரிய பேருந்து டூர்களில் நாற்பது பேர் இருப்பார்கள். கைடு ஒவ்வொன்றையும் ஸ்பானிஷில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்வார், கேட்கும் நேரம் பாதியாகிவிடும். வழியில் குவாடலூப்பே மாதா கோயில், த்லாதெலோல்கோ சதுக்கம், கைவினைக் கடை, பஃபே சாப்பாடு எல்லாம் சேர்த்திருப்பார்கள். நான் முதலில் போனது அப்படி ஒன்றில்தான். காலையில் மாதா கோயிலை முடித்துக்கொண்டு பிரமிடுகளை அடைந்தபோது உச்சி வெயில். அதற்குள் நானூறு பேர் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். தொல்லியல் தளத்துக்குள் எத்தனை மணி நேரம்? மூன்று மணி நேரத்துக்குக் குறைவு என்று சொன்னால் அடுத்த டூரைப் பாருங்கள். முதலில் போவது பிரமிடுகளுக்கா, இல்லை வேறு இடத்துக்கா? தளம் காலை 8 மணிக்குத் திறக்கிறது, மாலை 5 மணிக்கு மூடுகிறது. நகரத்திலிருந்து 7 மணிக்காவது கிளம்பும் டூர்தான் நல்லது. குழுவில் எத்தனை பேர்? பன்னிரண்டு பேருக்குள் என்றால் கைடிடம் கேள்வி கேட்க முடியும். கடைசியாக, கைடிடம் அரசு அடையாள அட்டை இருக்கிறதா? மெக்சிகோவில் உரிமம் பெற்ற கைடுகளுக்குச் சுற்றுலாத் துறை புகைப்படத்துடன் அட்டை கொடுக்கிறது, கழுத்தில் மாட்டியிருப்பார்கள். நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள். சேரவில்லை என்றால் பெசோவை ரொக்கமாக எடுத்துப் போங்கள்.

விடியற்காலையில் வெப்பக்காற்று பலூனில் ஏறிப் பிரமிடுகளுக்கு அருகே பறக்கும் டூர்களும் உண்டு. மேலிருந்து பார்த்தால் நகரத்தின் திட்டம் முழுதும் தெரியும், அது பெரிய அனுபவம்தான். ஆனால் 2023 ஏப்ரலில் இங்கே ஒரு பலூன் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். போவதாக இருந்தால் விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இருக்கிறதா, பயணக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்காமல் ஏறாதீர்கள்.

டூரே வேண்டாம், தனியாகப் போய்க்கொள்கிறேன் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மெட்ரோவின் 5-ஆம் தடத்தில் அவுத்தோபூசெஸ் தெல் நோர்தே என்ற நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே வடக்குப் பேருந்து நிலையம். அங்கே பிராமிதெஸ் என்று பலகை போட்ட பேருந்துகள் அடிக்கடி கிளம்புகின்றன. இறங்கிய பிறகு தளத்தின் வாசலிலேயே அட்டை வைத்திருக்கும் கைடைப் பேசிக்கொள்ளலாம். செயலி டாக்சியில் போவதும் எளிது, ஆனால் திரும்பும்போது அங்கே வண்டி கிடைப்பது சிரமம். முதல் முறை, ஸ்பானிஷ் தெரியாது, பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால் சிறு குழு டூரே நிம்மதி.

முந்தின நாள்

தளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெக்சிகோ சிட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே போக வேண்டாம். இரண்டு நாள் நகரத்தில் மெதுவாகச் சுற்றினால் உடம்பு பழகிவிடும். இல்லாவிட்டால் பத்துப் படி ஏறியதும் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

தளத்துக்குள் நிழல் அபூர்வம். அகலமான விளிம்பு உள்ள தொப்பி, சன்ஸ்கிரீன், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கட்டாயம். இந்த உயரத்தில் காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் சுடுவதே தெரியாது, இரவில்தான் கழுத்து எரியும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பாட்டில் தண்ணீரே வாங்குங்கள். பிடிப்புள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். கற்கள் ஒழுங்கற்றவை, படிகள் உயரமானவை. காலைக் குளிருக்குக் கழற்றி மடித்து வைக்கிற மாதிரி ஒரு ஜாக்கெட். டிரோன் பறக்கவிடக் கூடாது. முக்காலி வைத்துப் படம் எடுக்கத் தனி அனுமதி வேண்டும், அதனால் அதையும் விடுதியிலேயே வைத்துவிடுங்கள்.

வழியில்

நகரத்தை விட்டு வடக்கே போகும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் மலைச்சரிவு முழுக்கச் சாம்பல் நிறத்திலும் பல வண்ணங்களிலும் வீடுகள் அடுக்கடுக்காக ஏறிப் போகும். அது எகாதெபெக். அந்த மேட்டுக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் வேலைக்கு இறங்கி வருவதற்கென்று 2016-இல் கேபிள் கார் தடம் போட்டார்கள். வேன் ஜன்னலிலிருந்தே பெட்டிகள் நகர்வதைப் பார்க்கலாம். என் அம்மா பிரமிடைவிட அதைப் பற்றித்தான் முதலில் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

எந்த வாசல்?

தளத்துக்குப் பல வாசல்கள் உண்டு. ஸ்பானிஷில் புவெர்தா என்பார்கள். தெற்கு முனையில் 1-ஆம் வாசல், சூரியப் பிரமிடுக்கு அருகில் 2-ஆம் வாசல், வடக்கே சந்திரப் பிரமிடுக்கு அருகில் 3-ஆம் வாசல், சூரியப் பிரமிடுக்குப் பின்புறம் 5-ஆம் வாசல். நடக்க முடிகிறவர்கள் 1-இல் நுழைந்து 3-இல் வெளியே வருவது நல்லது. அப்போதுதான் அந்த நகரத்தைக் கட்டியவர்கள் நினைத்த வரிசையில் காட்சிகள் திறக்கும். வேன் 3-ஆம் வாசலில் வந்து நிற்குமா என்று கைடிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களோடு போனால் 2-ஆம் அல்லது 5-ஆம் வாசல். ஏனென்றால் 1-இலிருந்து சூரியப் பிரமிடு வரை வீதி சமதரையாக இல்லை. குறுக்கே மேடைகள் வரும், ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க வேண்டும். படத்தில் பார்த்தால் நேர்ச்சாலை மாதிரித் தெரியும், காலுக்குத்தான் உண்மை தெரியும். கழிப்பறைகள் வாசல்களை ஒட்டியே இருக்கின்றன. உள்ளே நடக்கத் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டு வாருங்கள்.

இறகுப் பாம்பின் கோயில்

1-ஆம் வாசலுக்கு எதிரே கோட்டை போல் ஒரு பெரிய சதுர முற்றம். ஸ்பானியர்கள் அதைக் கோட்டை என்றே நினைத்து சியுதாதெலா என்று பெயர் வைத்தார்கள். முற்றத்தின் கடைசியில் நிற்கும் பிரமிடு மற்ற இரண்டையும்விடச் சிறியது. பல டூர்கள் இதை விட்டுவிடுகின்றன. நீங்கள் விடாதீர்கள். இங்கே இருக்கிற சிற்பம் போல் இந்த ஊரில் வேறெங்கும் இல்லை.

முன்னால் ஒரு மேடை மறைத்துக்கொண்டு நிற்கும். அந்த மேடையில் ஏறிப் போனால் அதன் பின்னால் பழைய முகப்பு: இறகு சூழ்ந்த பாம்புத் தலைகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுநடுவே வட்டக் கண்ணாடி போட்டது போன்ற இன்னொரு தலை, கீழே கடற்சிப்பிகளும் சங்குகளும். கடல் இங்கிருந்து பல நாள் நடைத் தூரம். இந்த முகப்பு இவ்வளவு நன்றாக மிஞ்சியதற்குக் காரணமே பிற்காலத்தில் அதை மறைத்துக் கட்டிய மேடைதான். உற்றுப் பார்த்தால் கல்லின் இடுக்குகளில் பழைய வண்ணத்தின் சிவப்பு தெரியும். ஒரு காலத்தில் இந்த ஊர்க் கட்டிடங்களெல்லாம் சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டியவை. இன்று நாம் பார்க்கும் சாம்பல் கல் அவற்றின் எலும்புக்கூடு.

இந்தக் கோயிலுக்கு அடியில் 1980-களில் தோண்டியபோது, கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில் பலியிடப்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் வரிசை வரிசையாகக் கிடைத்தன. மொத்தம் இருநூறுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2003-இல் பெருமழைக்குப் பிறகு கோயிலுக்கு முன்னால் தரையில் ஒரு குழி விழுந்தது. தொல்லியலாளர் செர்ஹியோ கோமேஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அதில் இறங்கிப் பார்த்தார். கீழே, கோயிலின் நடுப்பகுதியை நோக்கிப் போகும் சுமார் 100 மீட்டர் நீளச் சுரங்கம், ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளாக யாரும் நுழையாதது. சுவர்களில் தாதுப்பொடி பூசியிருந்தார்கள், தீப்பந்த வெளிச்சத்தில் நட்சத்திரம் போல மின்னியிருக்கும். கடைசி அறைகளில் திரவப் பாதரசம் கிடைத்தது. நமக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆனாலும் அந்த முற்றத்தில் நிற்கும்போது காலுக்கடியில் அது இருக்கிறது என்று தெரிந்து நிற்பது வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், முற்றத்தில் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். கைடுகள் தட்டிக் காட்டுவார்கள், படிகளில் பட்டு ஒலி திரும்பி வரும்.

வீதியில் நடக்கும்போது

இறந்தோர் வீதி சுமார் 40 மீட்டர் அகலம். இப்போது நாம் நடக்கிற பகுதி இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அசல் வீதி இதைவிட நெடுந்தூரம் தெற்கே போனது. சரியாக வடக்கு நோக்கி இல்லாமல் 15 பாகைக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே சாய்ந்திருக்கிறது. ஊர் முழுவதும், சாதாரண வீடுகள் உட்பட, இதே சாய்வில்தான் கட்டப்பட்டன. ஓர் ஆறு குறுக்கே வந்ததற்காக வீதியை வளைக்காமல் ஆற்றையே திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்த ஓடையைத் தாண்டித்தான் நாம் நடக்கிறோம்.

சுவர்களைக் கவனியுங்கள். கீழே சரிவாக ஒரு பகுதி, அதன் மேல் செங்குத்தாகச் சட்டம் போட்ட ஒரு பலகை, மறுபடி சரிவு, மறுபடி பலகை. இந்த ஊரின் கையெழுத்து அது. தலூத் தப்லேரோ என்பார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குவாத்தமாலாவின் தீக்கால் மாயர் நகரத்திலும் இதே பாணியில் கட்டியிருப்பதை வைத்துத்தான் இவர்கள் செல்வாக்கு எவ்வளவு தூரம் போனது என்று தெரிகிறது. இன்னொன்று: கற்களுக்கு இடையே உள்ள சாந்தில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் பதித்திருந்தால் அந்தப் பகுதி இக்காலத்தில் மறுபடி கட்டியது என்று அடையாளம். இதைக் கைடு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு எது பழையது, எது நம் காலத்துக் கை என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வழியில் வலப்பக்கம் கூரை போட்ட ஒரு சுவரில் பூமா ஓவியம் இருக்கிறது. நின்று பாருங்கள், அசல் வண்ணம்.

சூரியப் பிரமிடு

சுமார் 65 மீட்டர் உயரம், அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 225 மீட்டர். எகிப்தின் கிசா பெரும் பிரமிடின் அடிப்பரப்புக்குக் கிட்டத்தட்டச் சமம், உயரம் பாதிக்கும் குறைவு. சக்கரமும் பொதி சுமக்கும் மிருகமும் இரும்புக் கருவியும் இல்லாமல், மண்ணையும் கல்லையும் முதுகில் சுமந்து வந்து கட்டியது. 1971-இல் இதற்கடியிலும் ஒரு சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது, மனிதர்களே வெட்டியது.

இன்று நாம் பார்க்கும் வடிவம் அசல் அல்ல. 1910-இல் மெக்சிகோ சுதந்திர நூற்றாண்டு வந்தது. அதற்குள் காட்டிவிட வேண்டும் என்று தொல்லியலாளர் லெயோபோல்தோ பாத்ரேஸ் 1905 முதல் அவசரமாகத் தோண்டினார். பிரமிடின் வெளிப்புறத்தில் சில மீட்டர் கனத்துக்கு அசல் மேற்பரப்பையே உரித்து எடுத்துவிட்டார். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவ்வளவு பேர் கையால் பூசிய பூச்சு அது.

மேலே ஏறலாமா என்பதுதான் எல்லோருடைய கேள்வி. 2020 பெருந்தொற்றில் மூடியபோது ஏறுவதை நிறுத்தினார்கள். சூரியப் பிரமிடில் அதற்குப் பிறகு ஏற விடவில்லை. சந்திரப் பிரமிடில் மட்டும் 2025-இல் கீழ்ப்பகுதிப் படிகளைத் திறந்தார்கள். இந்த விதி மாறலாம், அதனால் முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். மேலே ஏறி நிற்பது போன்ற பழைய படங்களை வைத்து டூர் விற்பவர்களை நம்பி ஏமாந்துபோகாதீர்கள்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: சூரியப் பிரமிடு மேற்கு நோக்கி நிற்கிறது. காலையில் முன்பக்கம் நிழலில் இருக்கும், பிற்பகலில்தான் வெளிச்சம் விழும். சந்திரப் பிரமிடு தெற்கு பார்த்தது, நாள் முழுக்க வெளிச்சம் கிடைக்கும்.

சந்திரப் பிரமிடும் அதற்கு அப்பாலும்

சூரியப் பிரமிடைவிட உயரம் குறைவு, சுமார் 43 மீட்டர்தான். ஆனால் வீதி வடக்கே மெல்ல ஏறிக்கொண்டே போவதால் உச்சிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன. பின்னால் செர்ரோ கோர்தோ மலை. வீதியில் நடந்து வரும்போது மலையின் உருவமும் பிரமிடின் உருவமும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும். நெருங்க நெருங்கப் பிரமிடு வளர்ந்து மலையை மறைத்துவிடும். அதற்காகவே மெதுவாக நடங்கள். தெற்கிலிருந்து வடக்கே நடக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்முற்றத்தின் மேற்கு மூலையில் கெத்சால்பாபலோத்ல் மாளிகை. செதுக்கிய தூண்களில் பறவை உருவங்கள், கண் இருக்கும் இடத்தில் அப்சிடியன் பதித்தவை. அதற்கடியில் இன்னும் பழைய அறைகள், பக்கத்தில் ஜாகுவார்கள் சங்கு ஊதுகிற ஓவியம். கூட்டம் பிரமிடு வாசலிலேயே நின்றுவிடுவதால் இங்கே கொஞ்சம் அமைதியாகப் பார்க்க முடியும்.

நேரம் மிச்சம் இருந்தால், இருக்க வேண்டும், வேலிக்கு வெளியே தெபாந்தித்லா போய்ப் பாருங்கள். சூரியப் பிரமிடுக்குக் கிழக்கே ஒரு குடியிருப்பின் இடிபாடு அது. சுவரில் சின்னச் சின்ன மனிதர்கள் பந்து விளையாடுகிறார்கள், நீந்துகிறார்கள், பூச்சி பிடிக்கிறார்கள், பேசுகிறார்கள். வாயிலிருந்து சுருளாக ஒரு கோடு கிளம்பினால் அது பேச்சு. அம்மா அந்தச் சுவர் முன் இருபது நிமிடம் நின்றார். பிரமிடில் அரசர்களும் பூசாரிகளும், இங்கேதான் மக்கள் என்றார். வேலிக்கு உள்ளே இருக்கும் தள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தரைக்குக் கீழே முழு நகரத்தின் மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் நடந்துகொண்டே நீங்கள் வந்த வழியைக் கண்டுபிடிக்கலாம்.

விற்பவர்களும் அப்சிடியன் கடையும்

வீதி முழுக்க வியாபாரிகள் இருப்பார்கள். திடீரென்று முதுகுக்குப் பின்னால் ஜாகுவார் உறுமும். பயப்பட வேண்டாம், அது களிமண் ஊதல். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே நோ, கிராசியாஸ் என்று சொன்னால் போதும், அடுத்தவரிடம் போய்விடுவார்கள். விலை கேட்க: குவாந்தோ குவெஸ்தா? பேரம் பேசலாம், ஆனால் கையால் செதுக்கிய பொருளை அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

அப்சிடியன் என்பது எரிமலைக் கண்ணாடி. இந்த நகரம் செல்வம் சேர்த்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பாச்சூக்கா பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து பச்சை நிற அப்சிடியனைக் கொண்டுவந்து கத்தியும் ஈட்டிமுனையும் செய்து தூர தேசங்களுக்கு அனுப்பினார்கள். அதனால் பட்டறையில் அரை மணி நேரம் நிற்பது வீண் அல்ல. கறுப்பாகத் தெரியும் கல்லை வெயிலில் திருப்பினால் பொன்னிறமோ வெள்ளி நிறமோ மின்னும். கல் வழியாகச் சூரியனைப் பார்க்கச் சொல்வார்கள், பார்க்காதீர்கள், கண்ணுக்கு அது பாதுகாப்பு அல்ல. கத்தி வாங்கினால் விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. பழங்காலப் பொருள் என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடவே வேண்டாம். பெரும்பாலும் போலி. உண்மையாகவே இருந்தால் இன்னும் மோசம், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்களை நாட்டை விட்டு எடுத்துப் போவது குற்றம்.

அங்கேயே மகேய் செடியைக் காட்டுவார்கள். நம் ஊரில் ரயில் கற்றாழை என்கிறோமே, அந்த இனம்தான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இலையின் முள்நுனியைக் கிள்ளி இழுத்தால் நாரோடு சேர்ந்து வரும், ஊசியும் நூலும் தயார். செடியின் நடுவில் குடைந்து ஊறும் சாற்றை எடுத்துப் புளிக்க வைத்தால் புல்கே. கள் குடித்துப் பழகியவர்களுக்கு மணம் புதிதாக இருக்காது, குழகுழப்புதான் புதிது.

சாப்பாடு

டூரில் சேர்ந்த பஃபே பெரும்பாலும் சுமார்தான். முடிந்தால் சாப்பாடு சேர்க்காத டூரை எடுத்து, வாசல்களுக்கு வெளியே உள்ள சிறு கடைகளில் சாப்பிடுங்கள். கல்லில் அப்போதே தட்டிப் போடும் சோள ரொட்டிக்கு ஈடு இல்லை.

சைவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம், சோற்றைக் கோழி ரசத்தில் வேக வைத்திருக்கலாம். சின் கார்னே, அதாவது இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் மட்டும் போதாது. சின் போயோ, கோழி இல்லாமல். சின் மந்தேகா, கொழுப்பு இல்லாமல். மூன்றையும் சொல்லுங்கள். கேட்க வேண்டியவை: பூசணிப் பூவும் சீஸும் வைத்த கெசதியா, சோளக்கதிரில் வளரும் கறுப்புக் காளான் உயித்லாகோச்சே, சுட்ட நோபால். நோபால் என்பது சப்பாத்திக்கள்ளியின் மடல்தான். முள் சீவிச் சுட்டு, உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொடுப்பார்கள், வெண்டைக்காய் போல லேசான வழவழப்பு. நம் ஊர் வேலியோரத்தில் கிடக்கும் கள்ளிக்கு இதுதான் சொந்த நாடு. மிளகாய்க்கும் தக்காளிக்கும் அப்படியே. அசைவம் சாப்பிடுகிறவர்கள் மகேய் இலைத் தோலில் பொதிந்து வேக வைத்த மிக்சியோத்தே கேட்கலாம். எஸ்காமோலேஸ் என்று பட்டியலில் இருந்தால் அது எறும்பின் புழுக்களும் கூட்டுப்புழுக்களும், இந்தப் பகுதியில் விலை உயர்ந்த விருந்துப் பண்டம்.

உணவகத்தில் 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். நல்ல கைடுக்கும் ஓட்டுநருக்கும் தனித்தனியாகக் கையில் கொடுங்கள்.

திரும்பும் வழியில் குவாடலூப்பே மாதா கோயிலில் நிறுத்துகிற டூராக இருந்தால், மாலையில் போவது ஒன்றும் மோசமில்லை. 1709-இல் முடிந்த பழைய கோயில் ஏரி மண்ணில் அமிழ்ந்து சாய்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். 1976-இல் கட்டிய புதிய கோயிலில் மாதா உருவம் பதிந்த துணிக்குக் கீழே நகரும் நடைபாதை போட்டிருக்கிறார்கள், யாரும் நின்று கூட்டம் சேர்க்காதபடி. பக்தர்கள் முழங்காலிட்டு வரும் இடம் அது, அமைதியாக ஓரமாக நடங்கள்.

மறுநாள்

சாப்புல்தெபெக் பூங்காவில் இருக்கும் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே ஞாயிறன்று பிரமிடுக்குப் போகாமல் இருக்க இன்னொரு காரணமும் ஆயிற்று. தியோத்திவாக்கான் கூடத்தில் சந்திரப் பிரமிடின் அருகே கிடைத்த மாபெரும் தெய்வச் சிலை நிற்கிறது. இன்னொரு பக்கம் இறகுப் பாம்புக் கோயிலின் முகப்பை அதே அளவில் செய்து, சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக அசல் வண்ணத்தில் தீட்டி வைத்திருக்கிறார்கள். அம்மா அதன் முன்னால் போய் நின்று, நேற்று மேடையில் ஏறிப் பார்த்த அதே தலையைத் தேடினார். இடது பக்கத்திலிருந்து எண்ணி, இதுதான் என்று காட்டினார்.